முடியில்லாத நாய்க்குத்தான் கைவேலை அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடியில்லாத சிறு நாய் ஒன்றின் படத்தோடு, இந்த நாய்க்கு முடி கொட்டாது, குளிப்பாட்டும் வேலை கிடையாது, ஒவ்வாமை உள்ளவர்களும் கவலையில்லாமல் வளர்க்கலாம் என்று தங்கள் நாளிதழில் வந்திருந்த குறிப்பைப் படித்தோம். முதல் செய்தி பாதி உண்மை. மற்ற இரண்டும் தவறு. அந்தக் குறிப்பை நம்பி யாராவது குட்டி வாங்கினால் அவதிப்படப்போவது குட்டிதான் என்பதால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முடிதான் நாய்க்குச் சட்டை, குடை, போர்வை எல்லாம். அது இல்லையென்றால் அந்த வேலை முழுவதும் வளர்ப்பவர் கைக்கு வந்துவிடுகிறது. இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாய்களின் தோல் கவனிப்பில்லாமல் கெடுவதைவிட, அளவு மீறிய கவனிப்பால் கெடுவதையே நாங்கள் அதிகம் பார்க்கிறோம். தினமும் எண்ணெய், தினமும் க்ரீம், இரண்டு நாளுக்கு ஒரு குளியல், நார் வைத்துத் தேய்ப்பு என்று பாசத்தோடு செய்வதெல்லாம் சேர்ந்து ஆரோக்கியமான தோலைப் புண்ணாக்கிவிடுகின்றன.

படத்தில் இருந்தது சைனீஸ் கிரஸ்டட் இனம். தலையில் கொண்டை, வாலில் குஞ்சம், நான்கு பாதத்திலும் காலுறை போட்டாற்போல் முடி, மற்ற இடமெல்லாம் வெறும் தோல். தோளுயரம் 23 முதல் 33 சென்டிமீட்டர்வரை இருக்கும். எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக்கூடாது. பெயரில் சீனம் இருந்தாலும் சீனாவில்தான் தோன்றியது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மெக்சிகோவின் ஷோலோ என்ற முடியில்லா நாய், பெருவின் முடியில்லா நாய் ஆகிய இரண்டுக்கும் எந்த மரபணு மாற்றம் முடியை எடுத்ததோ அதே மாற்றம்தான் இதற்கும். பெரு நாடு 2001இல் தன் முடியில்லா நாயைத் தேசியப் பாரம்பரியத்தில் சேர்த்துச் சட்டமே போட்டது. சைனீஸ் கிரஸ்டட் வளர்ப்போர் அமெரிக்காவில் 1979இல் சங்கம் அமைத்தார்கள். நாயினங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1991இல் இந்த இனத்தை ஏற்றது. வரலாறு இவ்வளவு போதும்.

மரபணு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோலும் பல்லும் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. 2008இல் கண்டறியப்பட்டபடி, ஃபாக்ஸ்ஐ3 என்ற மரபணுவில் ஏழு டிஎன்ஏ எழுத்துகள் இரண்டு முறை வந்துவிட்டதே முடியின்மைக்குக் காரணம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றம் வந்தால் முடியில்லாத நாய் பிறக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது, வயிற்றிலேயே போய்விடும். அதனால் உயிரோடு இருக்கும் முடியில்லா கிரஸ்டட் ஒவ்வொன்றிடமும் அந்த மரபணுவின் மாறாத பிரதி ஒன்றும் இருக்கிறது. முடியில்லாத இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உடம்பெல்லாம் பட்டுப்போன்ற முடியோடு பிறக்கும். அதற்குப் பவுடர்பஃப் என்று பெயர். ஒரே ஈற்றில் மொட்டையும் சடையுமாகக் கிடக்கும் குட்டிகளைப் பார்த்துக் கலப்பு நடந்துவிட்டது என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஏமாற்று எதுவும் இல்லை, அதுதான் இந்த இனத்தின் இயல்பு.

அமெரிக்கன் ஹேர்லெஸ் டெரியர் வேறு கதை. அதன் முடியின்மைக்கு வேறொரு மரபணு காரணம். இரு பக்கமிருந்தும் வந்தால்தான் முடி போகும். அந்தக் குட்டிகள் மெல்லிய பூமுடியோடு பிறந்து சில வாரங்களில் அதை உதிர்க்கும். பற்களும் முழுசாக இருக்கும். ஆகவே முடியில்லா நாய் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. இனி நாங்கள் சொல்வது சைனீஸ் கிரஸ்டட் பற்றி. தோலைப் பற்றியவை மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடும். காய்ச்சல் என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள், இந்த இனத்துக்கே உடல்சூடு அதிகம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் இல்லை. எந்த நாய்க்கும் உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மற்ற நாய்களில் அந்தச் சூட்டை முடி மறைக்கிறது, இங்கே நம் கையில் நேராகப் படுகிறது. நம் உடம்பைவிட ஒன்று, ஒன்றரை டிகிரி கூடுதல் என்பதால் சுடுகிறாற்போல் தெரிகிறது. காய்ச்சலைக் கையால் அளக்க முடியாது. ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வாக இருக்கும்போது 39.5 காட்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஒவ்வாமை பற்றி: நாய் ஒவ்வாமையை உண்டாக்கும் புரதங்கள் எச்சிலிலும் தோல் செதிளிலும் சிறுநீரிலும் இருக்கின்றன. முடி அவற்றைச் சுமந்து வீடெங்கும் பரப்பும் வண்டி மட்டுமே. வண்டி இல்லாததால் சிலருக்குத் தொந்தரவு குறையலாம். ஆனால் இந்த நாய் நக்கியே பழகியது. நக்கிய இடத்தில் தடித்துப்போகிறவர்களுக்கு முடி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? வாங்குவதற்கு முன்பு, வளர்ந்த நாய் உள்ள வீட்டில் வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கையை நக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இனி தோல். ஆரோக்கியமான கிரஸ்டட்டின் முதுகைத் தடவினால் நல்ல பதமான தோல் கையுறையைத் தொட்டாற்போல் இருக்கும். மினுமினுப்பும் இருக்காது, வெள்ளைப் பொடியும் உதிராது. விரல்நுனியை முதுகெலும்பின் ஓரமாக வாலை நோக்கி மெல்ல ஓட்டுங்கள். மணல் தூவினாற்போல் நெருடினால் அது கரும்புள்ளி. முடி முளைக்காவிட்டாலும் முடிக்குழிகள் இருக்கின்றன. அவை சரியாக உருவாகாத குழிகள். உள்ளே சுரக்கும் எண்ணெய்ப்பசையை வெளியே இழுத்து வர முடித்தண்டு இல்லை. பசை அங்கேயே தங்கி, உதிரும் செதிளோடு சேர்ந்து அடைப்பாகி, தலை கறுத்துவிடுகிறது. ஆறு மாதம் தொடங்கி ஒன்றரை வயதுவரை, பருவம் வரும் காலத்தில், முதுகிலும் தாடையிலும் இது கூடுதலாக வரும். மேலே எண்ணெயோ கெட்டியான க்ரீமோ பூசினால் அடைத்த குழியை இன்னும் அடைத்ததாகிறது. தோல் வறண்டிருக்கிறதே என்று எண்ணெய் தடவத் தொடங்கி, பரு வந்ததும் இன்னும் அதிகமாக எண்ணெய் தடவுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கரும்புள்ளியைப் பிதுக்கவே கூடாது. பிதுக்கும்போது பாதி வெளியே வரும், பாதி உள்ளே தோலுக்கடியில் வெடிக்கும். உள்ளே போன பசையை உடம்பு அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு வீங்கிச் சீழ்கட்டும். கடுகளவுப் புள்ளி சுண்டைக்காய் அளவுக் கட்டியாகித் தழும்போடுதான் ஆறும். இதற்கு உள்ள வழி, நாய்களுக்கென்று விற்கும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஷாம்பு. வாரம் ஒரு முறை நுரைத்துப் பூசி, பத்து நிமிடம் அப்படியே விட்டுக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துத்தான் பத்து நிமிடம். உத்தேசமாக விட்டால் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவோம், பலன் இருக்காது. குழியைக் கழுவிவிடும் மருந்து இது, ஆனால் தோலை வறட்டும். எனவே மூன்று நான்கு வாரத்தில் நெருடல் குறைந்ததும் மாதம் ஒன்று, இரண்டு முறையாகக் குறைத்துவிட வேண்டும். துணியின் சாயத்தையும் இது வெளுக்கும், பழைய வெள்ளைத் துவாலையை வைத்துக்கொள்ளுங்கள். சிவந்து, சூடாகி, தொட்டால் நாய் முகத்தைத் திருப்பும் அளவுக்கு வலித்தால், அல்லது ஷாம்பு போட்டும் புள்ளிகள் பரவினால் மருத்துவரிடம் தோல் சுரண்டல் பரிசோதனை கேளுங்கள். டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி வந்தாலும் இதேபோலக் கரும்புள்ளிதான் வரும். முடி உதிர்வைப் பார்த்துக் கண்டுபிடிக்க இங்கே முடியும் இல்லை.

சாதாரணக் குளியல் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒன்று போதும். தண்ணீர் முழங்கை தாங்கும் வெதுவெதுப்பு. நமக்கு இதமான சூடு இந்தத் தோலுக்கு அதிகம். மனிதர்கள் போடும் சோப்பு வேண்டாம், நாயின் தோல் நம் தோலைப்போல் அவ்வளவு அமிலத்தன்மை கொண்டதல்ல. வாசனையில்லாத நாய் ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் முன்கூட்டியே கலக்கி ஊற்றினால் ஒரே இடத்தில் கெட்டியாகத் தங்காது. தேய்க்க உள்ளங்கை போதும், அல்லது மிருதுவான துணி. நார், தேய்ப்புக்கல், சொரசொரப்பான கையுறை எதுவும் ஆகாது. நுரைக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும். குளித்த மறுநாள் வரும் அரிப்பில் பெரும்பகுதி, அக்குளிலும் விரலிடுக்கிலும் வாலடியிலும் தங்கிப்போன ஷாம்புவால் வருவது. துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

தோல் லேசான ஈரத்தோடு இருக்கும்போதே, நீர் அதிகமுள்ள, வாசனையில்லாத மெல்லிய லோஷனைப் பூசலாம். ஐந்து கிலோ நாயின் உடம்பு முழுவதற்கும் ஒரு டீஸ்பூன் ஏராளம். ஐந்து நிமிடம் கழித்து மெல்லிய டிஷ்யூ காகிதத்தை முதுகில் வைத்து அழுத்தினால் எண்ணெய்க்கறை தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். தினமும் பூச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தோல் பொடியாக உதிர்ந்தால் பூசுங்கள், இல்லையேல் விடுங்கள். லேனலின் என்ற கம்பளிக் கொழுப்பு சேர்ந்தவை இந்த இனத்தில் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கம்பளித் துணி நேரடியாகப் பட்டாலும் சிலவற்றுக்குத் தடிக்கும். எந்தப் புது லோஷனையும் வயிற்றோரம் ஒரு நாணயம் அளவுக்குப் பூசி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போக வேண்டும். ஒரே வாரத்தில் ஷாம்புவையும் லோஷனையும் சேர்த்து மாற்றினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வெயிலில் தோல் கறுப்பதும், வெயில் குறைந்த மாதங்களில் வெளுப்பதும் இயல்பு. ஆனால் இளஞ்சிவப்புத் திட்டுகள் கறுக்காது, வெந்துதான் போகும். மூக்கின் மேற்புறம், காதுநுனி, முதுகு, வயிறு ஆகியவற்றில் நிறமில்லாத இடம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு முறை உட்கார்ந்து பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் வெந்து வெந்து தடித்தால் பின்னால் புற்றுநோயாக மாறும் ஆபத்து உண்டு. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்குவரை வெளியே நெடுநேரம் விடாமல் இருப்பதும், மெல்லிய பருத்திச் சட்டை போடுவதும் எந்தக் க்ரீமையும்விட நம்பகமானவை. சன்ஸ்க்ரீன் பூசத்தான் வேண்டும் என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பூசுங்கள். துத்தநாக ஆக்சைடு, அதாவது ஸிங்க் ஆக்சைடு, இருந்தால் வேண்டாம். நாய் அதை நக்கி விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். சாலிசிலேட் என்ற ஆஸ்பிரின் இன வேதிப்பொருள் உள்ளவையும் ஆகாது. குழந்தைகளுக்கு விற்கும் க்ரீம் மென்மையானதுதானே என்று எடுத்துப் பூசுவதில்தான் இந்த விபத்து நடக்கிறது, ஏனென்றால் அவற்றில் பலவற்றில் துத்தநாகம்தான் முக்கியப் பொருள். நாய்க்கென்று தயாரித்ததை வாங்கி, வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன்பு பூசி, அது ஊறும்வரை நக்கவிடாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிருக்குச் சட்டை போடுவதில் இரண்டு விஷயம். உள்ளே பருத்தி, வெளியே ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணி என்று இரண்டடுக்கு நல்லது. அக்குளில் தையல் மடிப்பு உரசாமல் இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். நாள் முழுவதும் கழற்றாமல் விட்டால் அடியில் வியர்த்தாற்போல் ஈரம் தங்கிச் சிவக்கும். ஒரு நாளில் சில மணி நேரமாவது தோல் காற்றுப்பட வேண்டும். சட்டையைவிடப் பெரிய ஆபத்து சூடேற்றும் மெத்தையும் வெந்நீர்ப் பையும். மற்ற நாய்க்கும் சூட்டுக்கும் நடுவே முடி இருக்கிறது. இங்கே நேராகத் தோல். கதகதப்பைத் தேடி இந்த நாய் அதன்மேலேயே அசையாமல் தூங்கிவிடும், எழுந்திருக்கும்போது தொடையில் கொப்புளம் இருக்கும். தடித்த துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, படுக்கையில் பாதி இடத்துக்கு மட்டும் வைத்தால், சூடு அதிகமானால் நகர்ந்து படுக்க மறுபாதி இருக்கும்.

நடுக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம். இந்த நாய் பலவற்றுக்கும் நடுங்கும். குளிர் நடுக்கம் என்றால் காதும் பாதமும் சில்லென்றிருக்கும், உடம்பைச் சுருட்டிக்கொள்ளும், போர்த்தினால் பத்து நிமிடத்தில் நிற்கும். பயம் என்றால் வால் வயிற்றோடு ஒட்டும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும், பயமுறுத்திய பொருள் போனதும் அடங்கும். போர்த்தியும் அடங்காமல், முதுகைக் கூனி, படுக்க மறுத்து நின்றால் அது வலி. சின்னக் குட்டி தள்ளாடிக்கொண்டு நடுங்கினால் ரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை உணவு என்பது இதற்காகத்தான்.

பல்லைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கருவில் முடியும் பல்லும் ஒரே வெளியடுக்கிலிருந்து உருவாகின்றன. அந்த மரபணு மாற்றம் இரண்டையும் தொடுகிறது. சாதாரண நாய்க்கு 42 பற்கள். முடியில்லா கிரஸ்டட்டில் முன்கடைவாய்ப் பற்கள் பல முளைப்பதே இல்லை. கோரைப்பற்கள் கூம்பாக, யானைத் தந்தம்போல முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வேர்களும் பிடிப்பில்லாமல் இருக்கும். நடுவயதிலேயே பல் விழுவது சகஜம். இது வளர்ப்பவர் குற்றமல்ல. ஆனால் ஈறு அழுகி விழுவது குற்றம். மிருதுவான குழந்தைப் பிரஷ்ஷில் நாய்ப் பற்பசையை வைத்து, தினமும், பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். நம் பற்பசை கூடாது. அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு நஞ்சு. மயக்க மருந்து இல்லாமல் சுரண்டிச் சுத்தம் செய்வது பார்க்க வெள்ளையாக இருக்கும், ஈறுக்கு அடியில் இருக்கும் காறை அப்படியே தங்கிவிடும். பல் போன நாய் பசியோடு இருக்குமோ என்று கவலை வேண்டாம். உலர்தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் விழுங்கிவிடும். பவுடர்பஃப் நாய்களுக்குப் பெரும்பாலும் பல் முழுசாக இருக்கும்.

தீனி அளவு: ஐந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு 350 முதல் 400 கிலோகலோரி என்று தொடங்கலாம். குளிரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே கூடுதலாகச் செலவாகும் என்பதால் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். விலாவைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையைக் கீழ்ப்பார்க்க விரித்தால் விரல்முட்டிகளுக்குக் கீழே புறங்கை எலும்பு தட்டுப்படுகிறதே, அந்த அளவுக்குத் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முடி மறைக்காததால் இந்த இனத்தில் கண்ணாலேயே தெரியும், சாக்குச் சொல்ல வழியில்லை.

பாதம் முயல் பாதம்போல நீண்டது, நகத்துக்குள் இருக்கும் சதையும் நீளமாகவே ஓடும். ஒரேயடியாகக் குட்டையாக வெட்டினால் ரத்தம் கொட்டும். வாரம் ஒரு முறை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சீவுவதுதான் வழி. கறுப்பு நகம் என்றால் வெட்டுவாயின் நடுவில் ஈரமான கரும்பொட்டு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். முடியில்லாத நாய் என்று சொல்லப்படும் பலவற்றுக்கு முதுகிலும் காலிலும் ஓரளவு முடி இருக்கத்தான் செய்யும். அதை எடுக்க விரும்புகிறவர்கள் குளித்தபின், நுரை போட்டு, முடி வளரும் திசையில் மட்டும் மழிக்கலாம். முடி நீக்கும் க்ரீம் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும். பவுடர்பஃப் வாங்கியவர்களுக்கு ஒரு சொல்: உலர்ந்த முடியில் சீப்பு வைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முடியை வரிவரியாகப் பிரித்து அடித்தோல் தெரியும்வரை சீவ வேண்டும். மேலே சீவிவிட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் அடியில் கம்பளம்போல் சிக்கு பிடித்திருக்கும்.

குணத்துக்கு வருகிறோம். எவ்வளவு சொன்னாலும் புதிதாக வாங்குகிறவர்கள் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். இது மடி நாய், தோட்டத்தில் தனியே விட்டு வளர்க்கும் நாயல்ல. ஒருவரை அல்லது இருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் எழுந்தால் எழும், உட்கார்ந்தால் மடியேறும். முன்னங்கால் இரண்டையும் தோளில் போட்டுக் கழுத்தோடு முகத்தை ஒட்டிக்கொள்வது பல நாய்களிடம் உண்டு. அந்நியர் வந்தால் குரைத்துத் துரத்துவதைவிடப் பின்வாங்கி ஒளிந்துகொள்வதே அதிகம். அப்போது விருந்தினர் கையில் தூக்கிக் கொடுத்தால் பயம் இறுகிவிடும். விருந்தினர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, பார்க்காமல், தீனித் துண்டைத் தரையில் போட்டுவிட்டு இருக்கட்டும். நாய் தானாக வரும். மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரத்துக்குள் விதவிதமான ஆட்களையும் ஓசைகளையும் தரைகளையும் மெல்ல அறிமுகம் செய்யாத குட்டி, ஆயுசுக்கும் பயந்த நாயாகவே இருக்கும் வாய்ப்பு அதிகம். குரலை உயர்த்தினால் இது கற்றுக்கொள்ளாது, உறைந்துபோகும்.

தனிமையைத்தான் இவற்றால் தாங்க முடியாது. நாள் முழுவதும் ஆளில்லாத வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கொஞ்ச நேரம் விட்டுப்போகப் பழக்குவதென்றால் கதவைச் சாத்தி முப்பது விநாடி, பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று, அழத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வந்து பழக்க வேண்டும். அழுதபின் வந்தால் அழுகை வேலை செய்கிறது என்று அது புரிந்துகொள்ளும். வெளியே சிறுநீர் கழிக்கப் பழக்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். மழையோ குளிரோ வெறுந்தோலில் பட்டால் அடக்கிக்கொண்டு திரும்பி வந்து வீட்டுக்குள் கழித்துவிடும். கூரையுள்ள ஓர் இடத்தை அதற்கு ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சுறுசுறுப்பான நாய் இது, நன்றாகத் தாவும், வேலியும் ஏறும். ஆனால் முன்னங்கால் எலும்பு மெலிது. நாற்காலியிலிருந்தும் ஆள் கையிலிருந்தும் குதித்துக் கால் முறிவது அடிக்கடி நடக்கிறது. சோபாவுக்குப் படி வைப்பதும், சிறு குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மட்டுமே தூக்க வேண்டும் என்ற விதியும் தேவை. நகம் வெட்டாத பெரிய நாயோடு விளையாடவிட்டால் விளையாட்டிலேயே தோல் கிழிந்து வரும்.

நோய்களில் கண்ணைத்தான் முதலில் சொல்வோம். கண்வில்லை இடம் நழுவும் பரம்பரை நோய் இந்த இனத்தில் உண்டு, பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயதுக்குள் வரும். கண் திடீரென்று சிவந்து, நீலம் பாரித்தாற்போல் மங்கி, நாய் கண்ணை இடுக்கிக்கொண்டால் சொட்டுமருந்து போட்டு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அழுத்தம் ஏறி ஓரிரு நாளில் பார்வையே போகலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரை மெல்லத் தேயும் நோயும், முழங்கால் சில்லு நழுவுவதும் உண்டு. இமைமுடி இல்லாத நாய்களுக்குத் தூசி நேராகக் கண்ணில் விழும். அறுவைச் சிகிச்சை என்றால் மயக்கத்தில் இந்த உடம்பு மிக வேகமாகக் குளிரும். சூடு காக்கும் ஏற்பாட்டை மயக்கம் கொடுக்கும் முன்பே தொடங்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது உங்கள் உரிமை. உண்ணிக்காக முதுகில் விடும் சொட்டுமருந்து இந்தத் தோலைச் சிவக்க வைக்கலாம் என்பதால், மாத்திரை பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய், தந்தை இருவருக்கும் கண்வில்லை நோய்க்கும் விழித்திரை நோய்க்கும் எடுத்த மரபணுப் பரிசோதனைச் சான்றைக் கேட்க வேண்டும். தாய்நாயை நேரில் பார்த்து, வாயைத் திறந்து ஈறையும், முதுகைத் தடவித் தோலையும் பார்க்க வேண்டும். முடியில்லாத குட்டி என்று பளபளவென்று காட்டினால், மழித்த பவுடர்பஃப் இல்லையா என்று கவனியுங்கள். தோலில் நெருக்கமான முடிக்கட்டை எதிர்த்திசையில் தடவும்போது கையில் குத்தும், வாயில் முன்கடைவாய்ப் பற்கள் வரிசையாக நிற்கும்.

அமெரிக்காவில் நடக்கும் உலகின் அவலட்சண நாய்ப் போட்டியில் சாம் என்ற கிரஸ்டட் 2003 முதல் 2005வரை மூன்று முறை வென்றதிலிருந்து இந்த இனத்தின் படம் வந்தாலே கேலித் தலைப்பு என்றாகிவிட்டது. அது கண் தெரியாத, மிக முதிர்ந்த நாய். அடுத்த முறை தங்கள் நாளிதழில் இந்த நாய்களின் படம் வரும்போது, பராமரிப்பு தேவையில்லை என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெயிலைப் பற்றியும் துத்தநாகக் க்ரீமைப் பற்றியும் இரண்டு வரி போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முடியில்லாச் சிறு நாய்களை வளர்ப்பவர்கள் சிலர்